செராமிக் கரி கிரில்: வாரநாள் சமையலுக்குச் சரிப்படுமா?

நியூஜெர்சியில் தனி வீடு, பின்பக்கம் மரத்தாலான டெக், கணவன் மனைவி, இரண்டு பிள்ளைகள். வாரத்தில் இரண்டு மூன்று சாயங்காலம் வெளியில்தான் சமையல். மாதம் ஒரு தடவை நண்பர்கள் பன்னிரண்டு பதினைந்து பேர் கூடுவார்கள், அதில் பாதிப் பேர் சைவம். பழைய கேஸ் கிரில் துருப்பிடித்துப் போய்விட்டது, அதற்குப் பதில் முட்டை வடிவ செராமிக் கரி கிரில், அதாவது கமாடோ, வாங்கலாமா, தினப்படிப் புழக்கத்துக்கு ஒத்துவருமா என்பது உங்கள் கேள்வி.

நீங்கள் எழுதியிருக்கும் சமையலை மட்டும் வைத்துப் பார்த்தால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். கமாடோ பிடிக்காததால் சொல்லவில்லை. ஜார்ஜியாவில் எங்கள் வீட்டுப் பின்புறம் பதினெட்டு அங்குல கமாடோ ஒன்று பல வருடமாக உழைத்துக்கொண்டிருக்கிறது, அதை விற்கும் எண்ணமும் எனக்கு இல்லை. ஆனால் அது அடிப்படையில் ஓர் ஓவன், அதாவது சூட்டை அடைத்து வேகவைக்கும் மூடிய அடுப்பு. கிரில் வேலையையும் பார்த்துக்கொடுக்கும், அவ்வளவுதான். வாங்கி ஏமாந்தவர்கள் பெரும்பாலும் இதைக் கிரில் என்று நினைத்து வாங்கியவர்கள். ஓவன் என்று புரிந்துகொண்டு வாங்கியவர்கள் வீட்டுக்குள் இருக்கும் ஓவனைக்கூட மறந்துவிடுகிறார்கள்.

இதன் பூர்வீகம் ஜப்பான். சோறாக்க அங்கே புழங்கிய மூடி போட்ட களிமண் அடுப்பை, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கிருந்த அமெரிக்க ராணுவத்தினர் ஊருக்குக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். 1974-இல் எட் ஃபிஷர் என்பவர் அட்லாண்டாவில் இதை விற்கத் தொடங்கினார், அதுதான் இன்றைய பிக் கிரீன் எக். சாதாரணக் களிமண் சூட்டில் விரிசல் விட்டதால், பின்னாளில் அதிக வெப்பம் தாங்கும் செராமிக்குக்கு மாறினார்கள். இப்போது கமாடோ ஜோ, பிரைமோ, ஜெர்மனியின் மோனோலித் என்று பல கம்பெனிகள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் வேலை நடக்கும் விதம் ஒன்றேதான்.

அந்த விதத்தைப் புரிந்துகொண்டால் பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். கனமான செராமிக் சுவர் சூட்டை வெளியே விடாது. அதனால் கொஞ்சம் கரி, கொஞ்சம் காற்று இருந்தாலே உள்ளே சூடு நிற்கும். கீழே ஒரு காற்று வாசல், மேலே ஒரு காற்று வாசல், இரண்டையும் எவ்வளவு திறக்கிறோமோ அவ்வளவு தீ. 225 டிகிரி ஃபாரன்ஹீட்டில் நிறுத்த வேண்டுமானால் கீழ் வாசல் விரற்கடை அளவு திறந்திருந்தால் போதும். உள்ளே காற்றோட்டம் குறைவாக இருப்பதால் கறியிலிருந்து ஈரமும் அவ்வளவாக ஓடிப்போகாது. கேஸ் கிரில்லில் எரிவாயு எரிய நிறையக் காற்று போய்க்கொண்டே இருக்க வேண்டும், அதோடு ஈரமும் போய்விடும். முழுக்கோழி கமாடோவில் பஞ்சு போல வருவதற்கும், அதே கோழி கேஸ் கிரில்லில் நெஞ்சுப்பகுதி வறண்டு போவதற்கும் இது பெரிய காரணம்.

இதிலேயே இன்னொரு விஷயமும் இருக்கிறது. மூடி மூடியிருக்கும் வரைதான் இந்தக் கணக்கு எல்லாம். மூடியைத் திறந்தால் காற்று தாராளமாக உள்ளே போகும், தணல் உடனே வீறுகொள்ளும். நம் வீட்டு பார்பிக்யூ எப்படி நடக்கும்? டிக்காவைக் கம்பியில் கோர்த்து வைப்போம், இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் திருப்புவோம், வெண்ணெய் தடவுவோம், பிள்ளைகள் சோளம் வெந்துவிட்டதா என்று எட்டிப் பார்ப்பார்கள், யாராவது ஒருவர் வந்து "உப்பு பாத்தீங்களா?" என்று கேட்டு ஒரு துண்டை எடுத்துப் போவார். கேஸ் கிரில்லும், உருண்டையான உலோகக் கரி கிரில்லான வெபர் கெட்டிலும் இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளும். கமாடோவில் இப்படி ஐந்து முறை திறந்து மூடினால் 400-இல் இருந்த சூடு 550-ஐத் தாண்டியிருக்கும். ஏறின சூடு சீக்கிரம் இறங்காது. காற்றை முழுக்க அடைத்தாலும் சுவரில் ஏறியிருக்கும் வெப்பம் முக்கால் மணி நேரமாவது அங்கேயே உட்கார்ந்திருக்கும். அதனால் கமாடோ வைத்திருப்பவர்கள் முதலில் கற்றுக்கொள்வது, வேண்டிய சூட்டுக்கு 50 டிகிரி முன்னாலேயே காற்றைக் குறைக்க ஆரம்பிப்பது.

திறப்பதிலும் ஒரு பக்குவம் உண்டு. நல்ல சூட்டில், காற்று வாசல்களைக் குறைத்து வைத்திருக்கும்போது, மூடியைச் சட்டென்று தூக்கினால் உள்ளே எரியாமல் நிற்கும் வாயு புதுக் காற்று பட்டதும் குப்பென்று பற்றி வெளியே வரும். கைமுடி, புருவம் கருகும். முதலில் மூடியை இரண்டு அங்குலம் மட்டும் தூக்கி, சில விநாடி பிடித்து, உள்ளே காற்று மெதுவாகப் போனபிறகுதான் முழுக்கத் திறக்க வேண்டும். வீட்டில் கிரில் பக்கம் போகிற ஒவ்வொருவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். பதினான்கு பதினைந்து வயதுப் பிள்ளை ஆசையாகப் பர்கர் திருப்பப் போகும் வீடு என்றால் இன்னும் கண்டிப்பாக.

இப்போது நேரக் கணக்கு. வேலை முடிந்து ஆறு மணிக்கு வீட்டுக்கு வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கோழித்தொடை எலும்பில்லாதது, காலையிலேயே மசாலா தடவி ஃபிரிட்ஜில் ஊறியிருக்கிறது. கமாடோவில் போன தடவை மிஞ்சிய கரி கிடக்கும். அதைக் கிளறிச் சாம்பலைக் கீழே உதிர்த்து, மேலே கொஞ்சம் புதுக் கரி சேர்த்து, நடுவில் ஒரு ஃபயர் ஸ்டார்ட்டர் (தீமூட்டும் கட்டி) வைத்துப் பற்ற வைக்கிறீர்கள். பத்து நிமிடம் மூடி திறந்தே இருக்கும். பிறகு மூடி, இரண்டு வாசலும் முழுக்கத் திறந்து, 350-ஐத் தொடும்போது குறைக்கத் தொடங்குகிறீர்கள். முள் 400-இல் நிற்கிறபோது மணி ஆறரையைத் தாண்டியிருக்கும். ஆனால் அப்போதும் கறியைப் போடக் கூடாது. புகையைப் பாருங்கள். கரி பிடித்துக்கொண்டிருக்கும்போது வெள்ளையாக, கெட்டியாக, கண்ணைக் கரிக்கும் புகை வரும். அந்தப் புகையில் வெந்த கோழி கசக்கும். அது மெலிந்து, கண்ணுக்கு லேசாக நீலம் தட்டினாற்போல ஆகி, மேல் வாசலுக்கு மேலே காற்று நெளிவது மட்டும் தெரிகிற வரை காத்திருக்க வேண்டும். ஆறே முக்காலுக்குக் கறி உள்ளே போனால் ஏழு மணிக்கு மேல் தட்டில்.

கேஸ் கிரில் பத்து, பதினைந்து நிமிடத்தில் சூடேறிவிடும். அதே சாப்பாடு ஆறரைக்கெல்லாம் மேசையில் இருக்கும். அந்த அரை மணி நேர வித்தியாசம் சனி ஞாயிறில் ஒன்றுமே இல்லை. செவ்வாய்க்கிழமை, ஏழு மணிக்கு மகளுக்குப் பாட்டு வகுப்பு, எட்டு மணிக்கு இந்தியாவோடு ஃபோன் கால் என்று இருக்கிற வீட்டில் அது பெரிய விஷயம். முதல் மாதம் ஆர்வத்தில் ஓடும். பிறகு கமாடோ ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் என்று ஆகிவிடும், வாரநாளில் வீட்டுக்குள் தோசைக்கல்லிலேயே கோழியை வறுத்துவிடுவீர்கள். எனக்குத் தெரிந்த அநேக வீடுகளில் நடந்தது இதுதான்.

ஹீட் கன் மாதிரியான எலெக்ட்ரிக் சாதனத்தால் பற்ற வைத்தால் சில நிமிடம் மிச்சமாகும். ஆனால் பற்ற வைப்பதற்கான எண்ணெயை மட்டும் கமாடோ பக்கமே கொண்டுபோகாதீர்கள். செராமிக் அந்த வாடையை உறிஞ்சிக்கொள்ளும், அப்புறம் பல சமையலுக்கு மண்ணெண்ணெய் நாற்றம்தான். எண்ணெய் ஊறிய, தீக்குச்சி காட்டினாலே பற்றிக்கொள்கிற பிரிக்கெட்டும் (கரித்தூளை அழுத்திச் செய்த கட்டி) அதே கதை. சாதாரண பிரிக்கெட்டில் சாம்பல் அதிகம், கீழே அடைத்துக்கொண்டு காற்றைத் தடுக்கும். லம்ப் சார்கோல் என்று மூட்டையில் வரும் கட்டிக் கரிதான் இதற்கு. மூட்டையின் அடியில் தூளும் சிறு துண்டுமாக இருப்பதை அப்படியே கவிழ்க்காமல், பெரிய கட்டிகளை அடியிலும் சின்னதை மேலேயும் அடுக்கினால் காற்று தாராளமாக ஏறும்.

கரிச் செலவைப் பற்றிப் பயப்பட வேண்டாம், இதில் கமாடோவுக்கு நூற்றுக்கு நூறு மதிப்பெண் கொடுக்கலாம். சமைத்து முடித்ததும் இரண்டு வாசலையும் அடைத்துவிட்டால் காற்றில்லாமல் தீ அணைந்துவிடும், மிச்சக் கரி அடுத்த தடவைக்கு அப்படியே இருக்கும். கெட்டிலிலும் இப்படி அடைக்கலாம் என்றாலும் இவ்வளவு இறுக்கமாக அடைபடாது. ஒரு தடவை நிரப்பிய கரியில் 225 டிகிரியில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்ட முடியும், நடுராத்திரி எழுந்து கரி போட வேண்டியதில்லை.

அடுத்தது இடம். கடையில் பார்க்கும்போது பிரமாண்டமாகத் தெரியும், உள்ளே இருக்கும் கம்பித்தட்டு அவ்வளவு பெரியதல்ல. அதிகம் விற்கும் பிக் கிரீன் எக் லார்ஜில் தட்டின் விட்டம் பதினெட்டேகால் அங்குலம், அதாவது 262 சதுர அங்குலம். அதைவிடப் பல மடங்கு மலிவான 22 அங்குல வெபர் கெட்டிலில் 363 சதுர அங்குலம். நான்கு பேருக்குப் பதினெட்டு அங்குலம் தாராளம். பதினைந்து பேர் என்றால் இரண்டு ஈடு போட வேண்டும், அல்லது அடுக்குத் தட்டு வாங்க வேண்டும். 24 அங்குல எக்ஸ்ட்ரா லார்ஜ் வாங்கிவிடலாமே என்று தோன்றும். மாதம் ஒரு நாள் வரும் விருந்துக்காக மற்ற நாள் எல்லாம் பெரிய அடுப்பைச் சூடாக்கிக்கொண்டிருப்பீர்கள். கரியும் கூட, நேரமும் கூட.

உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்தப் பாதிப் பேர் சைவம் என்ற விவரம். கிரில் விற்பவர்கள் யாரும் இதைப் பற்றிப் பேசமாட்டார்கள். கோழி வெந்த கம்பியிலேயே பன்னீரையும் குடைமிளகாயையும் வைத்தால் நம் ஆட்கள் பலர் வாய்திறந்து ஒன்றும் சொல்லமாட்டார்கள், ஆனால் தட்டில் சாலட் மட்டும் போட்டுக்கொண்டு ஓரமாக உட்கார்ந்துவிடுவார்கள். மூன்று பர்னர் உள்ள கேஸ் கிரில்லில் இடது பக்கம் சைவத்துக்கு என்று ஒதுக்கி, அந்தக் கம்பியைத் தனியாகவே வைத்துக்கொள்ளலாம், இடுக்கியும் தனி. வட்டமான பதினெட்டு அங்குலத்தில் அப்படிப் பிரிக்க வழியில்லை. அடுக்குத் தட்டு போட்டால் மேல் தட்டுக் கோழியின் கொழுப்பு கீழ்த் தட்டுப் பன்னீரில் சொட்டும். ஆகவே சைவம் மேலே, அசைவம் கீழே என்று வைக்க வேண்டும். அப்போதும் கீழே சொட்டும் கொழுப்பின் புகை மேலே போகத்தான் செய்யும், கறாரான சைவக்காரர் அதற்கும் முகம் சுளிப்பார். சைவம் முழுவதையும் முதலில் முடித்து மூடிவைத்துவிட்டு, கம்பித்தட்டை மாற்றி அசைவம் தொடங்குவது ஒன்றுதான் ஒழுங்கான வழி. சைவத்துக்கென்று இரண்டாவது தட்டு வாங்கி அதைத் தனியாக மாட்டிவைத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் அதுதான் ஏற்பாடு.

பக்கத்துக்குப் பக்கம் சூடு மாறுவது இன்னொரு விஷயம். கெட்டிலில் கரியை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டால் இந்தப் பக்கம் கருக்கலாம், அந்தப் பக்கம் மெதுவாக வேகவிடலாம். கமாடோவில் கரி ஆழமான குடுவைக்குள் இருக்கிறது, சுவரும் எல்லாப் பக்கமும் சூட்டைத் திருப்பி அடிக்கிறது, அதனால் சூடில்லாத பக்கம் என்று ஒன்று கிடைப்பது கஷ்டம். தணலுக்கும் கம்பித்தட்டுக்கும் நடுவே அரைவட்டத் தடுப்புக்கல் வைத்துப் பாதியை மறைக்கும் வசதி சில மாடல்களில் வருகிறது, கமாடோ ஜோவில் அது கூடவே வரும். பரவாயில்லாமல் வேலை செய்கிறது. முழுத் தடுப்புக்கல் வைத்து மெதுவாக வேகவைத்துவிட்டு, கடைசியில் நேர்த்தணலில் முறுக வைக்கலாம் என்றால், பழுக்கச் சூடேறிய அந்தக் கல்லைக் கையுறை போட்டுத் தூக்கி எங்காவது இறக்கி வைக்க வேண்டும். மர டெக்கில் எங்கே இறக்குவீர்கள்? அதற்கும் முன்கூட்டியே ஒரு செங்கல் மேடை யோசித்து வைக்க வேண்டும்.

இவ்வளவு குறை சொன்ன பிறகு, எதற்காக நான் வைத்திருக்கிறேன் என்பதையும் சொல்ல வேண்டும் அல்லவா. முழுக்கோழியை முதுகெலும்பு வெட்டி விரித்து, தயிர், மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு தடவி ஒரு ராத்திரி ஊறவைத்து, 400 டிகிரியில் கம்பியை உயரத்தில் வைத்துப் போட்டால் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் வெந்துவிடும். நடுவில் திறக்கவே வேண்டாம். தோல் மொறுமொறுவென்று பிரியும், தொடை எலும்போரம் வரை ஈரம் இருக்கும். தந்தூர் அடுப்பில் சுட்டதற்கு மிக நெருக்கமாக வீட்டில் வருவது இதுதான், ஏனென்றால் அங்கேயும் மண்சுவர், கரி, அடைபட்ட சூடு. ஆனால் நானைச் சுவரில் ஒட்டப் பார்க்காதீர்கள், அதற்கான அமைப்பு இதில் இல்லை. தடுப்புக்கல் போட்டு மேலே பீட்ஸாக் கல் வைத்து 600 டிகிரி ஏற்றினால் நானும் பீட்ஸாவும் சில நிமிடத்தில் கொப்புளம் விட்டு வெந்துவிடும்.

ஆட்டுத்தொடை இன்னும் பிரமாதம். 275 டிகிரியில் மூன்று மணி நேரம் லேசான புகையில் விட்டு, பிறகு அலுமினியத் தாளில் இறுக்கிச் சுற்றி, உள்ளே 200 டிகிரி வரும் வரை விட்டுவிட வேண்டியதுதான். ஆட்டில் கொழுப்பு குறைவு என்பதால் சுற்றாமல் விட்டால் வறண்டுவிடும். பிரியாணிப் பானையைத் தம் போடவும் நான் இதைத்தான் பயன்படுத்துகிறேன். தடுப்புக்கல் மேல் கனமான வார்ப்பிரும்புப் பானையை வைத்து 325-இல் நாற்பது நிமிடம் விட்டால் எல்லாப் பக்கமும் ஒரே சூடு, அடிபிடிப்பதே இல்லை. சமையல் எல்லாம் முடிந்து தணல் மட்டும் இருக்கும்போது கத்திரிக்காயைக் கங்கின் மேலேயே போட்டு, தோல் கரிந்து உள்ளே குழையும் வரை திருப்பி எடுத்தால் மறுநாள் காலை இட்லிக்குக் கொத்சு. இதற்கெல்லாம் கேஸ் கிரில் கிட்டே நெருங்க முடியாது.

ஆக நீங்களே ஒரு கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். வெளியில் நீங்கள் சமைப்பதில் பாதிக்கு மேல் இருபது நிமிடத்துக்குள் வெந்துவிடும் சமாசாரமா? டிக்கா, பர்கர், சாசேஜ், சோளம், மீன் துண்டு, காய்கறி? அப்படியானால் கமாடோவுக்குக் கொடுக்கும் பணம் வீண். மாறாக, ஞாயிறுதோறும் முழுக்கோழி, ஆட்டுக்கால், பீட்ஸா என்று இறங்கும் ஆசையும் பொறுமையும் வீட்டில் ஒருவருக்காவது இருக்கிறதா? அப்போது அது கொடுத்த பணத்துக்கு முழுசாக உழைத்துக் கொடுக்கும். நீங்கள் எழுதியதில் முதல் வகைதான் அதிகம். "ஸ்மோக் செய்யவும் ஆசை" என்று, அதாவது கறியைப் புகையில் மணிக்கணக்காக வேகவைக்கவும் ஆசை என்று, கடைசியில் ஒரு வரி இருக்கிறது. ஆயிரம் டாலருக்கு மேல் ஆகிற பொருளை அந்த ஒரு வரியை நம்பி வாங்க வேண்டாம்.

என் யோசனை இதுதான்: வாரநாளுக்கு நடுத்தர கேஸ் கிரில் ஒன்று, கூடவே 22 அங்குல வெபர் கெட்டில், கரியைப் போட்டுப் பற்ற வைக்கும் உலோகக் குழலான சிம்னி ஸ்டார்ட்டர் ஒன்று. இரண்டும் சேர்ந்தாலே நல்ல கமாடோவின் விலைக்குள் அடங்கிவிடும். கெட்டில் 1952-இல் ஜார்ஜ் ஸ்டீஃபன் என்பவர் சிகாகோ பக்கம் மிதவை செய்யும் பட்டறையில், உலோகக் கோளத்தைப் பாதியாக வெட்டிச் செய்தது. வடிவம் இன்று வரை பெரிதாக மாறவில்லை, மாற்ற வேண்டிய தேவையும் வரவில்லை. விருந்து நாளில் கேஸ் முழுக்கச் சைவம், கெட்டில் முழுக்க அசைவம் என்று பிரித்துவிடலாம், யாருக்கும் சங்கடம் இல்லை. பிரிக்கெட்டைக் கெட்டிலின் ஓரத்தில் வளையமாக அடுக்கி ஒரு முனையில் பற்ற வைத்தால் ஐந்தாறு மணி நேரம் மெதுவாக எரிந்துகொண்டே போகும், ஸ்மோக்கிங் ஆசை உண்மையா என்பதையும் அதிலேயே சோதித்துவிடலாம். ஒரு சீசன் முழுக்க அந்த ஆசை தாங்கினால் அப்புறம் கமாடோ வாங்குங்கள், அப்போது நானே கூட வருகிறேன்.

செராமிக்தான் வேண்டும் என்றில்லை, கமாடோ வேலை மட்டும் நடந்தால் போதும் என்றால் இரட்டைச் சுவர் எஃகில் செய்தவையும் உண்டு. சார்-கிரில்லர் ஏகார்ன் அந்த ரகம், செராமிக்கின் பாதி விலைகூட இருக்காது, எடையும் குறைவு, சீக்கிரம் சூடேறும். வருடம் போகப் போகச் சாம்பல் தட்டுப் பக்கம் துருப்பிடிக்கும். ஆனாலும் வாரநாளுக்குச் செராமிக்கைவிட இதுவே தோது என்பது என் கருத்து, கடையில் கேட்டால் ஒத்துக்கொள்ளமாட்டார்கள்.

எல்லாம் கேட்ட பிறகும் செராமிக்தான் என்று முடிவெடுத்தால், உங்கள் மர டெக்கைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். லார்ஜ் சைஸ் சுமார் 160 பவுண்டு. டெக் தாங்கும், அது பிரச்சினை இல்லை. கீழ் வாசல் வழியாகத் தெறித்து விழும் கங்குதான் பிரச்சினை, குறிப்பாகக் கரியைக் கிளறும்போதும் சாம்பலை வழிக்கும்போதும். அடியில் கான்கிரீட் பேவர் கல்லோ, தீப்பிடிக்காத விரிப்போ போட்டு, அது முன்பக்கம் ஒன்றிரண்டு அடி நீட்டிக்கொண்டிருக்கும்படி வையுங்கள். மர மேசையில் பதிக்கும் ஆசை இருந்தால் செராமிக் அடிப்பாகம் நேராக மரத்தில் உட்காரக் கூடாது, இடையில் கல்லோ உலோகத் தாங்கியோ இருக்க வேண்டும். வீட்டுச் சுவரில் வைனல் சைடிங், அதாவது பிளாஸ்டிக் வெளிப்பலகை என்றால் தள்ளி வையுங்கள், அது சூட்டில் உருகி நெளிந்துவிடும். உங்களுக்குத் தனி வீடு, பரவாயில்லை. அபார்ட்மென்ட், காண்டோ பால்கனிகளில் அமெரிக்காவின் பல ஊர்களில் தீயணைப்புச் சட்டப்படி கரி அடுப்புக்கே அனுமதி இல்லை, எரியக்கூடிய கட்டடத்திலிருந்து பத்தடி தள்ளித்தான் வைக்க வேண்டும். மழை வந்தால் கராஜுக்குள் தள்ளிச் சமைக்கலாம் என்ற யோசனை உங்களுக்கு எப்போதும் வரக் கூடாது. கரிப்புகையில் கார்பன் மோனாக்ஸைடு இருக்கிறது, வாசனையே தெரியாமல் ஆளைக் கொல்லும்.

சமைத்து முடித்து அடைத்த பிறகும் அது பல மணி நேரம் சூடாகவே இருக்கும். வெளிச்சுவர் கெட்டில் அளவுக்குச் சுடாது, அதனாலேயே ஆறிவிட்டது என்று ஏமாந்து தொட வாய்ப்பு அதிகம். மேல் காற்று வாசலின் உலோக மூடி கையில் பட்டால் தோல் உரிந்துவிடும். சாயங்காலம் பிள்ளைகள் டெக்கில் விளையாடும் வீடானால் இதை யோசித்தே இடத்தைத் தேர்ந்தெடுங்கள். சாம்பலை மறுநாள்தான் அள்ள வேண்டும், அதையும் மூடி போட்ட உலோக வாளியில். பிளாஸ்டிக் குப்பைத் தொட்டியில் கொட்டினால் உள்ளே ஒளிந்திருக்கும் கங்கு அதை எரித்துவிடும்.

நியூஜெர்சிப் பனிக்குக் கமாடோ பயப்படாது, ஜனவரியிலும் உள்ளே 400 என்றால் 400தான். ஆனால் மழைநீர் ஊறி, அது உறைந்தால் செராமிக்கில் விரிசல் விடலாம். உறை போட்டு வையுங்கள். மழையில் நனைந்துவிட்டால் அடுத்த தடவை மெதுவாகச் சூடேற்றி உலரவிடுங்கள். உள்ளே கரி இருக்கும் குடுவையில் சூடு ஏறி இறங்குவதால் சில வருடத்தில் கோடு விடுவது சகஜம், சமையலுக்கு அதனால் ஒன்றும் குறையாது. சில கம்பெனிகள் அதற்காகவே குடுவையைத் துண்டு துண்டாகச் செய்கின்றன. மூடி விளிம்பில் காற்று கசியாமல் இருக்க ஒட்டியிருக்கும் கம்பளிப் பட்டையும் (ஃபெல்ட் கேஸ்கெட்) நாளடைவில் கருகும், மாற்றிக்கொள்ளலாம். நகர்த்தும்போது விழுந்து உடைவதுதான் பெரிய செலவு. உள்ளே இருப்பவற்றை எல்லாம் எடுத்துவிட்டு, இரண்டு பேர் அடியைப் பிடித்துத் தூக்க வேண்டும். கீலைப் பிடித்துத் தூக்கவே கூடாது.

கருகல் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதிகச் சூட்டில் கறி கருகும்போதும், கொழுப்பு தணலில் சொட்டி எழும் புகையிலும் உடம்புக்கு ஆகாத சில ரசாயனங்கள் உண்டாகின்றன என்று அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் சொல்கிறது. தடுப்புக்கல் வைத்துச் சமைத்தால் கொழுப்பு தீயில் விழாது, அந்த வகையில் கமாடோ நல்லது. அதற்காக இதை ஆரோக்கியச் சாதனம் என்று விற்பவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள். கோழி உள்ளே 165 டிகிரி ஃபாரன்ஹீட், கொத்துக்கறி 160 வந்திருக்க வேண்டும், எந்த அடுப்பானாலும் இது மாறாது. மூடியில் பதித்திருக்கும் தெர்மாமீட்டர் காட்டுவது மூடிக்கு அடியில் உள்ள காற்றின் சூட்டை, கம்பித்தட்டில் அது வேறாக இருக்கும். கறிக்குள் குத்திப் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள், இருபது முப்பது டாலரில் நல்லதே கிடைக்கும்.

பழையதாக மலிவில் கிடைக்கிறதே என்று போனால், செராமிக்குக்குக் கொடுக்கும் வாழ்நாள் உத்தரவாதம் பெரும்பாலும் முதலில் வாங்கியவருக்கு மட்டும்தான் என்பது நினைவிருக்கட்டும். மேல்பூச்சில் தெரியும் மெல்லிய வலைக்கோடுகளைப் பொருட்படுத்த வேண்டாம். மூடியும் அடிப்பாகமும் சேரும் விளிம்பில் சில்லு பெயர்ந்திருக்கிறதா, மூடிய பிறகு அந்த இடுக்கில் ஒரு காகிதத்தை வைத்து இழுத்தால் எல்லாப் பக்கமும் பிடித்து நிற்கிறதா என்று பாருங்கள். காகிதம் வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே காற்று கசியும், 225-இல் நிறுத்தவே முடியாது. கீலின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் மூடி திடுமென்று இறங்கும், அதையும் சோதியுங்கள். புதிது வாங்கினாலும் கடையில் மூடியை நீங்கள் மட்டும் திறந்து பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். வீட்டில் இன்னொருவரும் சமைப்பார் என்றால் அவரையும் கூட்டிப்போய், ஒரு கையால் தூக்கி மூடச் சொல்லுங்கள். டெலிவரியில் டெக் வரை ஏற்றிப் பொருத்தித் தருவார்களா, வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடுவார்களா என்றும் பணம் கட்டுவதற்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.